பத்துக்குப் பத்து அறைக்கு எந்தக் கட்டில், எந்த மெத்தை?

கடைக்குப் போகும் முன் ஒரு கை கோலமாவோ ஒரு சாக்பீஸோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்க நினைக்கும் கட்டிலின் வெளி அளவைப் படுக்கையறைத் தரையில் அப்படியே கோடு போடுங்கள். பிறகு அலமாரிக் கதவைத் திறந்து பாருங்கள், அறைக்கதவை முழுக்கத் திறந்து பாருங்கள், ஜன்னல் வரை நடந்து பாருங்கள். பின்னால் வரப்போகும் வருத்தங்களில் பலவற்றை இந்தப் பத்து நிமிடமே தடுத்துவிடும்.

சென்னையிலோ கோவையிலோ ஒரு நடுத்தர அடுக்ககத்தின் இரண்டாவது படுக்கையறை பெரும்பாலும் பத்தடிக்குப் பத்தடிதான். சுவர்ப்பூச்சும் ஸ்கர்ட்டிங்கும் போனால் 118 அங்குலம்தான் தேறும். கணக்குக்கு 120 என்றே வைப்போம். ஒரு சுவரில் 24 அங்குல ஆழத்தில் அலமாரி, எதிர்ச்சுவரை ஒட்டிக் கட்டில். 72 அங்குல அகலமுள்ள கிங் மெத்தை என்றால், பக்கத்துக்கு 2 அங்குலச் சட்டம் சேர்த்துக் கட்டில் 76 ஆகிறது. மீதி 20 அங்குலம். அலமாரியின் ஒற்றைக் கதவே 18 முதல் 20 அங்குலம் இருக்கும். அதைத் திறந்தால் ஆள் நிற்க இடமில்லை. அதே இடத்தில் 60 அங்குல குவீன் போட்டால் 32 அங்குலம் மிஞ்சும். கதவும் திறக்கும், ஆளும் நிற்கலாம். 48 அங்குல டபுள் என்றால் 44 அங்குலம், ஒரு சின்ன மேசைக்கே இடம் உண்டு.

அதனால் இந்த அளவு அறையில் கணவன் மனைவி இருவருக்கு குவீனுக்கு மேல் போகாதீர்கள். குழந்தையும் கூடப் படுக்கிறது என்பதற்காக கிங் வாங்குகிறவர்கள் அதிகம். குழந்தை நான்கைந்து ஆண்டுகளில் தனியே படுக்கப் போய்விடும், அடைபட்ட நடைவழி மட்டும் அப்படியே இருக்கும். கிங்தான் வேண்டும் என்றால் அலமாரிக்கு நகரும் கதவு போட்டுவிட்டு வாங்குங்கள்.

நீளம் 72, 75, 78 அங்குலம் என மூன்று வகையில் வருகிறது. படுப்பவரின் உயரத்தோடு 6 அங்குலம் கூட்டிப் பாருங்கள். ஐந்தடி ஒன்பது அங்குல ஆளுக்கு 75 போதும், ஆறடிக்காரருக்கு 78 வேண்டும். ஆசாரி செய்த பழைய கட்டில்கள் பெரும்பாலும் ஆறடி, அதாவது 72. அதை மறந்து 78 மெத்தை வாங்கி வந்தால் கால்மாட்டில் அரை அடி தொங்கும். பழைய மரக்கட்டில் மூலைமட்டமாகவும் இருப்பதில்லை. தலைமாடு, நடு, கால்மாடு என்று மூன்று இடத்தில் உள் அகலத்தை அளந்து, குறைவான அளவிலிருந்து அரை அங்குலம் கழித்து மெத்தை சொல்லுங்கள். தலைமாட்டில் அலமாரி வைத்த கட்டில் பார்க்க அழகுதான்; ஆனால் அது நீளத்தில் 8 முதல் 10 அங்குலத்தைத் தின்றுவிடும்.

இடத்தை மிச்சப்படுத்தும் கட்டில்கள்

இந்த வகைக் கட்டில்களை எடைபோட ஒரு கேள்வி போதும். இடம் மிச்சமாக, தினமும் எத்தனை முறை கை வைக்க வேண்டும்? வாரத்துக்கு ஒருமுறை என்றால் செய்வோம். தினமும் காலையில் தலையணை, போர்வை, விரிப்பு எல்லாவற்றையும் எடுத்து வேறெங்கோ வைத்துவிட்டு மடக்க வேண்டும் என்றால், பெரும்பாலான வீடுகளில் ஒரு மாதத்துக்குப் பின் அது விரித்தபடியே கிடக்கும்.

ஹைட்ராலிக் ஸ்டோரேஜ் கட்டிலைத்தான் இன்று அதிகம் கேட்கிறார்கள். பெயர்தான் ஹைட்ராலிக், வேலை செய்வது அழுத்தப்பட்ட நைட்ரஜன் அடைத்த இரண்டு பிஸ்டன்கள், கார் டிக்கியைத் தூக்கி நிறுத்துபவை போல. கொள்ளளவில் இதற்கு ஈடில்லை. 78-க்கு 60 கட்டிலின் உள்ளே 10 அங்குல ஆழம் இருந்தால் ஏறக்குறைய 27 கன அடி, அதாவது 760 லிட்டர். 190 லிட்டர் ஃபிரிட்ஜ் நான்குக்குச் சமம். கொலு பொம்மைப் பெட்டிகள், விருந்தாளித் தலையணைகள், பண்டிகைப் பாத்திரங்கள் என்று ஆண்டுக்குச் சில முறை எடுக்கும் பொருள்களுக்கு இது சரியான இடம். தினமும் உடுத்தும் துணிக்கு அல்ல.

இதில் பழுது வருவது மூன்று இடங்களில். முதலாவது, பிஸ்டனின் பலம். அதன் உடலிலேயே நியூட்டன் கணக்கில் எண் அச்சிட்டிருக்கும். மூடிப்பலகையும் மெத்தையும் சேர்ந்த எடைக்கு அது பொருந்த வேண்டும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் மூடி மட்டும் சுமார் 23 கிலோ. அதன்மேல் 32 டென்சிட்டியில் (ஒரு கன மீட்டருக்கு 32 கிலோ எடை) 6 அங்குல ஃபோம் மெத்தை என்றால் 15 கிலோ கூடும், மொத்தம் 40-க்குள். அதே அளவு லேடெக்ஸ் (ரப்பர் பால்) மெத்தை 35 கிலோவைத் தாண்டும், மொத்தம் 60. ஃபோமுக்குப் பொருத்திய பிஸ்டன் லேடெக்ஸை நிறுத்திப் பிடிக்காது, மூடி மெல்ல இறங்கிவரும். லேடெக்ஸுக்குப் பொருத்தியது ஃபோமின் கீழ் மூடவே அடம்பிடிக்கும். எனவே எந்த மெத்தை, எத்தனை கிலோ என்று சொல்லித்தான் கட்டில் ஆர்டர் கொடுக்க வேண்டும். ஆண்டுகள் போகப்போக வாயு குறையும். மாற்றும்போது இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் மூடி கோணலாகத் தூக்கி, கீல்கள் முறுகும்.

இரண்டாவது, பிஸ்டனின் தகடு எதில் பிடித்திருக்கிறது என்பது. பார்ட்டிகிள் போர்டில், அதாவது மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையில், ஸ்க்ரூ போட்டிருந்தால் சில நூறு முறை தூக்கியதும் ஓட்டை பெரிதாகித் தகடு பிய்ந்துவரும். தகடு வரும் இடத்திலாவது மரச்சட்டமோ நல்ல பிளைவுட்டோ இருக்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஊடுருவும் போல்ட் போடச் சொல்லுங்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 அல்லது ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 303-லேயே தண்ணீர் தாங்கும் தரம், ஈரம் மட்டும் தாங்கும் தரம் என இரண்டு உண்டு. கொதிநீர் தாங்கும் தரத்தைக் கேட்டு வாங்குங்கள். 710 கப்பல் பிளை, அதைவிட உறுதி.

மூன்றாவது ஈரம். பெட்டி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தால் வீடு துடைக்கும் தண்ணீர் தினமும் அதன் அடியில் ஊறும். அடிவிளிம்பு உப்பி, லேமினேட் உரிந்து, கார்த்திகை மழைக்குள் உள்ளே பூசண வாடை வந்துவிடும். குறைந்தது 2 அங்குலக் கால் வைத்த பெட்டியாகப் பாருங்கள். உள்ளே பட்டுப்புடவை, புத்தகம் வைக்காதீர்கள்.

குழந்தைகள் உள்ள வீட்டுக்கு இன்னொன்று. கண்ணாமூச்சி ஆடும்போது இந்தப் பெட்டி பிள்ளைகளுக்கு நல்ல ஒளிவிடமாகத் தோன்றும். உள்ளிருந்து தள்ளித் திறக்க அவர்களுக்குப் பலம் போதாது. காற்றும் இராது. மூடிக்குப் பூட்டு வைப்பது அவசியம்.

டிராயர் வைத்த கட்டிலில் மெத்தையைத் தூக்க வேண்டாம், தினசரித் துணி வைக்கலாம். ஆனால் டிராயர் 20 முதல் 24 அங்குலம் வெளியே வரும், அதற்குப் பின் நின்று குனிய ஓரடி வேண்டும். குவீன் போட்ட நம் அறையில் 32 அங்குலம் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் 20 அங்குல டிராயர் வைக்கலாம். சுவர்ப் பக்கத்து டிராயர் திறக்கவே முடியாதது. அதற்குக் காசு கொடுக்காதீர்கள். சேனலில் ஓடும் டிராயரைவிடச் சக்கரம் வைத்த தனிப்பெட்டி நல்லது. தலைமுடியும் தூசியும் மலிவான சேனலைச் சீக்கிரம் அடைத்துவிடும். பெட்டியை வெளியே இழுத்துத் தரையைப் பெருக்கலாம்.

நான்கு கால் கட்டிலைப் பழசு என்று ஒதுக்க வேண்டியதில்லை. அடியில் 10 அங்குலம் இருந்தால் சூட்கேஸ் போகும், சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டி போகும், துடைப்பமும் போகும், காற்றும் போகும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதுவே சரியான தேர்வு. போல்ட் போட்ட மரக்கட்டிலையோ இரும்புக் கட்டிலையோ பத்து முறை பிரித்து மாட்டலாம். பார்ட்டிகிள் போர்டு ஹைட்ராலிக் கட்டில் மூன்றாவது வீடு மாறும்போது ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடும். இரும்புக் கட்டில் கீச்சிட்டால் போல்ட் இணைப்புகளில் நைலான் வாஷர் போட்டு முறுக்குங்கள்.

சுவரில் மடங்கி நிற்கும் கட்டில்தான் மிச்சப்படுத்தும் இடத்தில் முதலாவது. மடக்கினால் சுவரிலிருந்து ஒன்றரை அடிதான். வேலை செய்யும் அறையே விருந்தாளி அறையாகவும் வேண்டும் என்றால் இதைவிட நல்ல வழியில்லை. ஆனால் மொத்த பாரமும் சுவரைப் பிடித்து இழுக்கிறது. 9 அங்குலச் செங்கல் சுவர் தாங்கும். நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும், இப்போது பரவலாகக் கட்டும் லேசான ஏ.ஏ.சி. (காற்றுத்துளை நிறைந்த சிமென்ட்) கற்களும் சாதாரண பிளக் ஸ்க்ரூவை நம்பும்படி பிடிக்காது. ரசாயனப் பசை ஊற்றிய ஆங்கரோ, சுவரை ஊடுருவும் போல்ட்டோ வேண்டும். மெத்தையும் மெல்லியதாக, பெரும்பாலும் 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். தினமும் இருவர் படுக்கும் முதன்மைக் கட்டிலாக இதை வாங்காதீர்கள்.

சோஃபா கம் பெட் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பகலில் நல்ல சோஃபா, இரவில் சுமாரான கட்டில். இரண்டு குஷன் சேரும் கோடு பெரும்பாலும் இடுப்புக்கு நேராக வரும். மாதத்தில் ஓரிரு இரவுக்கு மட்டும் சரி. தினமும் ஒருவர் ஹாலில் படுக்கிறார் என்றால் ஆறடிக்கு மூன்றடி திவான் கட்டில் போடுங்கள். பகலில் உருளைத் தலையணை வைத்தால் உட்காரும் இடம், இரவில் முழு மெத்தை, அடியில் ஸ்டோரேஜ். விரிக்க, மடக்க எதுவுமில்லை.

இரண்டு பிள்ளைகளுக்கு: அடுக்குக் கட்டிலா, இழுப்புக் கட்டிலா?

அடுக்குக் கட்டிலைக் கடையில் பார்த்ததும் பிள்ளைகள் ஏறிவிடுவார்கள். வீட்டில் சீலிங் ஃபேன் இருக்கிறது என்பது அங்கே நினைவுக்கு வராது. பத்தடி அறையின் நடுவில் ஃபேன். சுவரிலிருந்து 60 அங்குலம். 48 அங்குல ஃபேனின் இறக்கை நுனி மையத்திலிருந்து 24 அங்குலம் நீளும். அப்படியானால் நுனிக்கும் சுவருக்கும் 36 அங்குலம்தான். அடுக்குக் கட்டிலின் வெளி அகலமோ சுமார் 39. ஆக, கட்டிலின் விளிம்புக்கு மேலேயே இறக்கை சுற்றுகிறது. மேல்தட்டு மெத்தை தரையிலிருந்து 60 அங்குலம், அதில் எழுந்து நிற்கும் நாலடிப் பிள்ளை 108 அங்குலம். இறக்கை இருப்பதும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான். இது தலையோடும் கையோடும் விளையாடும் விஷயம். ஃபேனை எடுத்துவிட்டுச் சுவர் ஃபேன் மாட்டாமல் இந்த அறையில் அடுக்குக் கட்டில் போடவே கூடாது.

ஃபேன் தொந்தரவு இல்லாத அறை என்றாலும் ஆறு வயதுக்குக் கீழ் மேல்தட்டு வேண்டாம். தடுப்புக் கம்பி, மெத்தை போட்ட பிறகு அதன் மேற்பரப்பிலிருந்து 5 அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும். தடுப்பின் இடைவெளி மூன்றரை அங்குலத்தைத் தாண்டக் கூடாது. இந்த அளவுகள் அமெரிக்கப் பாதுகாப்பு விதியில் இருப்பவை, நம் வீட்டுக்கும் பொருந்தும். கடையில் தடுப்பு உயரமாகத்தான் தெரியும். 4 அங்குல மெத்தைக்கு அளவெடுத்த கட்டிலில் 6 அங்குல மெத்தை போட்டால் தடுப்பு 2 அங்குலம் குறைந்துபோகும்.

இழுப்புக் கட்டிலில் இந்தப் பயம் இல்லை. மூன்றடிக் கட்டிலின் அடியிலிருந்து சக்கரத்தில் இன்னொன்று வெளியே வரும். இரவில் 39-ம் 36-ம் சேர்ந்து 75 அங்குலம், பகலில் 39 மட்டும். அடித்தட்டுக்கு 4 முதல் 5 அங்குல மெத்தைதான் போகும். தினமும் ஒரு கை இழுப்பு, ஒரு கால் தள்ளல். விரிப்பைக்கூட எடுக்க வேண்டாம். எங்கள் கணக்கில் இரண்டு பிள்ளைகளுக்கு இதுதான் முதலிடம்.

மெத்தைகள்

முதலில் ஃபோம், ஏனென்றால் அதிக ஏமாற்று இங்கேதான். பி.யு. (பாலியூரித்தேன்) ஃபோமின் தரத்தைப் பெரிதும் காட்டுவது டென்சிட்டி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை. எப்போதாவது வரும் விருந்தாளிக்கு 28 போதும். தினமும் படுக்க 32. உடல் எடை 75 கிலோவைத் தாண்டினால் 40. லேபிளை நம்ப வேண்டாம், தராசில் வைத்துப் பாருங்கள். 72-க்கு 36 அங்குலத்தில் 5 அங்குல உயர மெத்தையின் கொள்ளளவு 0.21 கன மீட்டர். 40 டென்சிட்டி என்றால் ஃபோம் மட்டும் எட்டரை கிலோ இருக்க வேண்டும், உறை தனி. மொத்தமே 6 கிலோ காட்டினால் அது 28-தான், யார் என்ன சொன்னாலும்.

ரீபாண்டட் என்பது துண்டு ஃபோம்களைப் பசையிட்டு அழுத்தியது. டென்சிட்டி 80, 100 என்று இருக்கும். அதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பலகை போன்ற உறுதிக்கான எண், சுகத்துக்கானது அல்ல. 'ஆர்த்தோ' என்று விற்கும் பல மெத்தைகளின் வயிற்றில் இருப்பது இதுதான். முதுகுவலிக்குக் கெட்டியான மெத்தையே நல்லது என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஸ்பெயினில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரிடம் செய்து 2003-ல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்தது. கடையில் உட்கார்ந்து பார்ப்பதால் ஒன்றும் தெரியாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வழக்கமாகத் தூங்கும் பக்கமாகப் பத்து நிமிடம் படுங்கள். மல்லாந்து படுத்து இடுப்பின் கீழ் கையைவிட்டுப் பாருங்கள். கை தாராளமாகப் புகுந்து வெளியே வந்தால் மெத்தை கெட்டி. கை நுழையவே இல்லை என்றால் அளவுக்கு மேல் மென்மை. லேசாக உரசிப் போக வேண்டும்.

மெமரி ஃபோம் வெப்பத்தில் இளகும், குளிரில் இறுகும். ஏ.சி. இல்லாத சித்திரை இரவில் உடல் புதைந்து, புதைந்த இடத்தில் வியர்வை தேங்கும். இரவு முழுக்க ஏ.சி. ஓடும் அறைக்கு மட்டும்; அங்கும் மேலே 2 அங்குலம் இருந்தால் போதும்.

பாக்கெட் ஸ்பிரிங் இருவர் படுக்கும் கட்டிலுக்கு நல்லது. ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருப்பதால் ஒருவர் புரண்டால் மற்றவர் அசைய மாட்டார். மலிவான பானெல் ஸ்பிரிங்கில் சுருள்கள் ஒன்றோடொன்று கம்பியால் பின்னப்பட்டவை. ஒருவர் எழுந்தால் கட்டிலே எழுந்த மாதிரி இருக்கும். காற்றோட்டம் இரண்டிலும் உண்டு. ஆனால் உயரம் அதிகம், மடங்காது, ஆறு பேர் லிஃப்டுக்குள் நுழையாது. திருவான்மியூர், தூத்துக்குடி போல உப்புக்காற்று அடிக்கும் இடங்களில் துருவையும் கணக்கில் வையுங்கள்.

காயர் மெத்தை தேங்காய் நாரை ரப்பர் பாலில் பிணைத்து அழுத்தியது. கெட்டி, காற்றோட்டம், குறைந்த விலை. மேலே ஓரிரு அங்குல ஃபோம் வைத்தது உடம்புக்கு இதம். குறை என்னவென்றால் நார் ஒடிந்து இடுப்புப் பகுதியில் பள்ளம் விழும், கட்டிலடியில் பழுப்புத் தூள் கொட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாக்குங்கள். இரு பக்கமும் படுக்கும் வகை என்றால் புரட்டியும் போடுங்கள். பள்ளம் விழுவது வெகுவாகத் தள்ளிப்போகும்.

இனி இலவம் பஞ்சும் லேடெக்ஸும். இரண்டும் மரத்திலிருந்து வருபவை, பராமரிப்பில் நேரெதிர். இலவம் பஞ்சின் இழை உள்ளே குழாயாக இருக்கும், மேலே மெழுகுப் பூச்சு உண்டு. அதனால் லேசு, சூடு பிடிக்காது, தண்ணீர் எளிதில் ஊறாது. ஒரு காலத்தில் உயிர்காக்கும் மிதவைச் சட்டைகளில் அடைத்தது இதைத்தான். போடிநாயக்கனூர்ப் பக்கம் இந்தத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. கழிவுப் பஞ்சைக் கலந்து விற்பதுதான் இதில் நடக்கும் மோசடி. ஒரு பிடி எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். இலவம் மிதக்கும், கலந்த கழிவுப் பஞ்சு நனைந்து கீழே போகும். விதை அதிகம் இருந்தால் வாங்காதீர்கள். அதில் எண்ணெய் இருப்பதால் பூச்சி வரும்.

இலவம் மெத்தைக்கு வெயில்தான் உயிர். அழுந்திய இழையை வெயில்தான் மீண்டும் உப்ப வைக்கும். மாதம் ஒருமுறையாவது மூன்று நான்கு மணி நேரம் காயப்போட்டு, தட்டி, புரட்ட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பிரித்துப் பஞ்சை அடித்துத் திரும்பத் தைக்க வேண்டும். இங்கே சொன்னவற்றில் இத்தனை எளிதாகப் புதுப்பிக்கத் தக்க மெத்தை இது ஒன்றுதான். மொட்டைமாடிக்கு மெத்தையைத் தூக்கிப்போக ஆளில்லாத ஆறாவது மாடி வீட்டில் இலவம் இரண்டே ஆண்டில் கட்டிதட்டிப் போகும். கொசுவத்திச் சுருளை இதன் பக்கத்தில் வைக்கவே வேண்டாம், சட்டென்று தீப்பிடிக்கும்.

லேடெக்ஸை வெயிலில் போட்டால் அது கெட்டது. சூரிய ஒளி பட்டால் ரப்பர் மஞ்சளித்து, ஓரங்களில் நொறுங்கும். நிழலில் காற்றாட நிறுத்தினால் போதும். துள்ளல், உறுதி, ஆயுள் மூன்றிலும் இதுவே மேல், விலையிலும் மேல். 'இயற்கை லேடெக்ஸ்' என்று சொன்னால் முழு மெத்தையுமா, மேல் 2 அங்குலம் மட்டுமா என்று உறையின் ஜிப்பைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். எடைதான் பெரிய சிக்கல். கிங் அளவில் 6 அங்குல லேடெக்ஸ் 44 கிலோவரை வரும். விரிப்பு மாட்டவே இருவர் வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு எளிய வழி உண்டு, ஏனோ பலர் யோசிப்பதில்லை. 72 அங்குலக் கட்டிலுக்கு ஒரே மெத்தை வாங்காமல் 36 அங்குலத்தில் இரண்டு வாங்குங்கள். 60 அங்குலத்துக்கு 30-ல் இரண்டு. கணவருக்குக் கெட்டி, மனைவிக்கு மெத்து என்று தனித்தனியாக எடுக்கலாம். லிஃப்டில் போகும், ஒருவரே தூக்கிக் காயப்போடலாம். விருந்தினர் வந்தால் ஒன்றைத் தரையில் போடலாம், ஒன்று பழுதானால் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். நடுவில் இடைவெளி தெரியாமலிருக்க இரண்டையும் சேர்த்து ஒரே பெரிய விரிப்பாக இறுக்கிச் செருகுங்கள். குழந்தை நடுவில் படுக்கும் வீட்டுக்கு மட்டும் இது ஒத்துவராது.

கட்டிலும் மெத்தையும் சேருமிடம்

ஃபோமும் லேடெக்ஸும் ரீப்பர் கட்டைகள் மேல் கிடந்தால் இடைவெளி 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த இடங்களில் மெத்தை தொய்ந்து இறங்கும், வாரண்டியும் போகலாம். முழுப் பிளைவுட் என்றால் தொய்வு இல்லை, காற்றும் இல்லை. ஓரடிக்கு ஒன்றாக ஓரங்குலத் துளை போடச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஐப்பசி, கார்த்திகையில் மெத்தையின் அடியில் கறுப்புப் பூசணம் படரும். நாடா தொய்ந்த கட்டிலின் மேல் எத்தனை விலையுயர்ந்த மெத்தை போட்டாலும் முதுகு பள்ளத்தில்தான்.

முதியவருக்கான கட்டிலில் உயரம்தான் எல்லாமே. மெத்தையின் விளிம்பில் அமர்ந்தால் உள்ளங்கால் முழுதும் தரையில் பதிய வேண்டும், தொடை முழங்காலைவிட ஓரங்குலம் உயர்ந்திருக்க வேண்டும். உட்கார்ந்தால் மெத்தை அமுங்கும் அளவையும் கழித்துக்கொள்ளுங்கள். 14 அங்குல ஹைட்ராலிக் பெட்டிமேல் 8 அங்குல ஸ்பிரிங் மெத்தை போட்டால் 22. ஐந்தடி உயரப் பாட்டிக்குக் கால் தொங்கும். தவிர, எழும்போது குதிகால் சற்றுப் பின்னுக்குப் போனால்தான் உடம்பு முன்னே சாயும். தரைவரை மூடிய பெட்டிக் கட்டிலில் அதற்கு இடமில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்குத் திறந்த கால் கட்டிலும் விளிம்பு அமுங்காத 5 அங்குல மெத்தையும் கொடுங்கள்.

சின்னதாகத் தோன்றும் சில விஷயங்கள் பின்னால் பெரிதாகும். தலைக்கு எண்ணெய் வைக்கும் வீட்டில் துணி போர்த்திய ஹெட்போர்டு ஆறு மாதத்தில் கறை பிடிக்கும். ரெக்ஸினோ மரமோ நல்லது. கொசுவலை கட்டுகிறவர்கள் வலையின் ஓரத்தை மெத்தையின் அடியில் செருக வேண்டும். 40 கிலோ மெத்தையை தினமும் தூக்கிச் செருக முடியாது. வடக்கே தலைவைக்காத வீடுகளில் கட்டிலின் திசையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஹைட்ராலிக் மூடி பெரும்பாலும் தலைமாட்டில் கீல் வைத்து, கால்மாட்டுப் பக்கம் தூக்குவது. கால்மாட்டில் நிற்க இரண்டடி இல்லாத திசையில் போட்டால் அந்த 760 லிட்டரும் பூட்டிய பெட்டிதான்.

மெத்தை வந்த அன்றே பில்லையும் லேபிளையும் படம் எடுத்து வையுங்கள். சுருட்டி அடைத்து வந்த ஃபோம் மெத்தை முழு உயரத்துக்கு உப்ப ஒரு நாள்வரை ஆகலாம். மறுநாள் நான்கு மூலையிலும் நடுவிலும் அளந்து பாருங்கள். பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மெத்தையின் குறுக்கே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, நூலுக்கும் பள்ளத்துக்கும் இடையே அடிக்கோலை வைத்துப் பாருங்கள். வாரண்டிப் பத்திரம் எத்தனை அங்குலப் பள்ளம் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது என்று அதில் எழுதியிருக்கும். பலவற்றில் அது ஓரங்குலத்தைச் சுற்றியே இருக்கும். கறை பட்ட மெத்தையைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்ற வரியும் அதே பத்திரத்தில் இருக்கும் என்பதால், முதல் இரவுக்கு முன்பே பருத்தி டெர்ரித் துணி மேலும் நீர் புகாத படலம் கீழுமாக உள்ள பாதுகாப்பு உறையைப் போட்டுவிடுங்கள்.